பழவேற்காடு முகத்துவாரம்: மணல் அடைத்தால் யாருக்கு எவ்வளவு நட்டம்?

பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பழவேற்காட்டில் ஒரே விசாரிப்புதான்: முகத்துவாரம் எப்படி இருக்கிறது? அகலம் எவ்வளவு மிச்சம், வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்குகிற நேரத்தில், இடுப்பளவு தண்ணீர் நிற்கிறதா, முழங்கால் அளவுதானா, எஞ்சினைத் தூக்காமல் படகு தாண்டுமா? ஏரியில் வலை போடுகிறவர், கடலுக்குப் போகிறவர், இறால் எடுக்க வருகிற வியாபாரி, ஐஸ் உடைத்துப் போடுகிறவர் என எல்லாருடைய வரும்படியும் கடைசியில் ஏரி கடலோடு சேருகிற அந்த ஒரு திறப்பில் போய் நிற்கிறது. அந்தத் திறப்பு ஆண்டுதோறும் சுருங்குவதும், சில ஆண்டுகளில் அடைந்தே போவதும்தான் இந்த ஆய்வின் பொருள். ஏன் அடைகிறது, அடைந்தால் யாருக்கு எவ்வளவு அடி, திறந்து வைக்க என்ன முயற்சி நடக்கிறது என்று பார்க்கலாம்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இங்கே உள்ள ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு முனைதான் தமிழ்நாட்டுக்கு. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருப்பது ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் ஏவுகிற அதே தீவு. (ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்னறிவிப்பு வரும். மீனவருக்கு அது சம்பளமில்லாத விடுமுறை.) தெற்கில் ஆரணியாறு, மேற்கிலிருந்து காளங்கி, வடக்கில் சுவர்ணமுகி என்று ஏரிக்குள் நன்னீர் வருகிறது. மேற்கு ஓரமாக பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. கடலோடு ஏரிக்கு உள்ள தொடர்பு சில வாய்கள் வழியாக மட்டும்தான். ஆந்திரப் பக்கத்து வாய்கள் பல காலமாகத் தூர்ந்தும் திறந்தும் கிடப்பவை. அதனால் தெற்கே பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள வாய்மேல்தான் பாரம் அதிகம்.

இந்த வாய் எப்போதுமே ஆழமாக இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். துணி, வெடிமருந்து, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள் எல்லாம் இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறினார்கள், ஏற்றப்பட்டார்கள். ஆனால் பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டுத்தான் நின்றன. சரக்கைச் சுமந்து மணல்திட்டைத் தாண்டி வந்து போனவை சிறு படகுகள். ஆக, ஆழம் குறைவு என்பது நானூறு வருடப் பழைய செய்தி. இப்போது மாறியிருப்பது, வாய் எத்தனை மாதம் திறந்திருக்கிறது என்பதும், அடைந்தால் தாங்கிக்கொள்ள ஏரிக்கு இருந்த தெம்பும்தான்.

ஏற்றமும் வற்றமும்

சென்னைக் கரையில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, வெளியாருக்குக் கண்ணில் படாத விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கு நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். அஷ்டமி, நவமி வாக்கில் அதில் பாதிகூட இராது. மெரினாவில் நிற்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் இங்கே கதை வேறு. ஒரு சாண் தண்ணீர் ஏறினால் படகு மிதக்கும், இறங்கினால் தரை தட்டும். காலண்டரைக் கையில் எடுத்தால் ஏரித்தொழில் செய்கிறவரின் கண் முதலில் போவது திதிக்கு.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டில் சோறு பொங்குகிற நேரமும் தூங்குகிற நேரமும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும். இன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர் நான்கு நாள் கழித்து ஆறரை மணிவாக்கில் கிளம்புவார். பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் பஸ்ஸுக்கும் ஒரு கடிகாரம், தண்ணீருக்கு இன்னொரு கடிகாரம். இரண்டையும் வைத்துச் சமாளிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

அடுத்து, முகத்துவாரம் தன்னைத்தானே எப்படித் திறந்து வைத்துக்கொள்கிறது என்பது. ஒரு கணக்குக்காக, ஏரியில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒவ்வொரு ஏற்றத்திலும் நீர்மட்டம் வெறும் 10 சென்டிமீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்தது ஒரு கோடி கன மீட்டர் தண்ணீர். அது அடுத்த ஆறு மணி நேரத்தில் அதே வாய் வழியாக வெளியேற வேண்டும். வாய் 200 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் இருந்தால் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் சற்று மேலான வேகத்தில் ஓடும். அந்த வேகம் மணலை அரித்துக்கொண்டு போகப் போதுமானது. அதாவது வற்றத்து நீரோட்டம் தினமும் இரண்டு முறை வாசலைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறது. ஏரி தூர்ந்து உள்ளே வருகிற தண்ணீர் குறைந்தால் வெளியே போகிற வேகமும் குறையும், மணல் தங்கும், வாய் சுருங்கும், சுருங்கிய வாய் வழியாக இன்னும் குறைவான தண்ணீர்தான் உள்ளே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் மணல்தான் ஜெயிக்கும். ‘முகத்துவாரத்தைத் தோண்டிவிட்டால் போதும்’ என்கிற பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஏரிக்குள் இடம் இல்லாதபோது வாயை மட்டும் தோண்டினால் அது எத்தனை நாள் தாங்கும்?

மணல் எங்கிருந்து வருகிறது

சென்னை வட்டாரத்து மீனவர்கள் கடல் நீரோட்டத்தை வெள்ளம் என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வடகிழக்குப் பருவத்தில் வன்னி, மற்ற நீண்ட மாதங்களில் தெண்டி. கரையோர மணலும் இதே போக்கில் போய் வருகிறது. தெண்டியின் காலம் நீளம் என்பதால் வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மணல் மிச்சமாகப் போவது வடக்கே.

இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. இன்றைய அகன்ற மெரினா அப்படி வளர்ந்ததுதான். மணல் வராமல் போன ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. அங்கே கல்லைக் கொட்டிக் கொட்டி இன்னும் ஓயவில்லை. அப்புறம் எண்ணூரில் 2001இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது, அதை ஒட்டி வடக்கே காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலுக்கும் நீர்நிலைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல் வரப்பு. அந்த வரப்பின் மேல்தான் பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு விரிவாக்கும் திட்டத்தை இந்த ஊர்கள் எதிர்ப்பதற்கு வேலைவாய்ப்பு, நிலம், நட்டஈடு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், முதல் காரணம் இந்த வரப்புதான். அது எங்காவது அறுந்தால் முகத்துவாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கடல் புதிதாகத் தீர்மானிக்கும்.

ஆற்றின் பங்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் அது ஏரியில் விழுந்து, முகத்துவாரத்தை முட்டித் திறந்துகொண்டு போகும். வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற பெரிய சுத்தம் அது. ஆனால் ஆரணியாற்றுக்கு ஆந்திராவில் பிச்சாட்டூரில் நீர்த்தேக்கம் இருக்கிறது, கீழே வழியெங்கும் தடுப்பணைகளும் உண்டு. விவசாயிக்கு அவை தேவைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை குறைந்த ஆண்டில் ஏரிவரை வந்து சேர்கிற வெள்ளம் வாயைத் திறக்கப் போதாது. மார்கழியில் சரியாகத் திறக்காத வாய் சித்திரையில் கண்டிப்பாகச் சங்கடம் கொடுக்கும்.

அடைபட்ட மாதங்கள்

முதலில் அடிபடுவது கடல் தொழில். பழவேற்காட்டில் பாதிப் பேருக்கு ஏரியில் ஒரு கால், கடலில் ஒரு கால். ஃபைபர் படகுகளை ஏரிக்கரையில் கட்டிவைத்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்த் திரும்புவார்கள். வாய் சுருங்கினால் ஏற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மீனோடு திரும்புகிற படகு வற்ற நேரத்தில் வந்துவிட்டால் வெளியே அலையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அதற்குள் ஐஸ் கரையும், ஏலம் முடிந்துவிடும், விலை இறங்கும். மணல்திட்டின்மேல் அலை குறுக்காக உடைகிற இடத்தில் படகைத் திருப்புவது ஆபத்தான வேலை. படகின் அடி தரையில் உரசி நிற்கும்போது பக்கவாட்டில் ஒரு அலை அடித்தால் போதும், கவிழ்ந்துவிடும்.

இந்த இடத்தின் குணம் தெரியாதவர்களுக்கு அது எவ்வளவு கொடூரமானது என்பதை 2011 கிறிஸ்துமஸ் அன்று நாடே பார்த்தது. சுற்றுலாவாக வந்து படகில் ஏறிய 22 பேர் அன்று படகு கவிழ்ந்து இறந்தார்கள். உயிர்காப்பு உடை கிடையாது. ஏரிக்குள் முட்டியளவு ஆழம்தானே என்ற நினைப்பு முகத்துவாரம் வரை செல்லாது. அங்கே ஏற்றமும் வற்றமும் மோதுகிற மடுக்கள் உண்டு.

இரண்டாவது, ஏரித் தண்ணீரே மாறிவிடும். கடல் நீரில் ஆயிரத்துக்கு சுமார் 35 பங்கு உப்பு. மழைக்காலத்தில் ஏரியில் உப்பு ஏறத்தாழ இல்லாமலே போகும். கோடையில் வாய் அடைத்து, வெயிலில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போனால் உப்பு 50ஐயும் தாண்டும், அதாவது கடலைவிடக் கரிப்பு. மடவை ஓரளவு தாங்கும். கொடுவா, கிழங்கான், இறால் குஞ்சுகள் எல்லாம் தடுமாறும். ஆழமில்லாத ஓரங்கள் காய்ந்து உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, இறால். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு பொரித்து, ஊசி முனையளவு இருக்கும்போதே ஏற்றத்து நீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துவிடும். உள்ளே சேற்றிலும் பாசியிலும் மூன்று நான்கு மாதம் வளரும். வளர்ந்ததும் மறுபடி கடலுக்குக் கிளம்பும். கிளம்புவது இரவில், வற்றத்து ஓட்டத்தில், பெரும்பாலும் பெருக்கு நாட்களில். ஆக, இறாலுக்கு வாய் இரண்டு தடவை திறந்திருக்க வேண்டும்: வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. குஞ்சு வருகிற மாதத்தில் அடைத்திருந்தால் அதன் விளைவு உடனே தெரியாது. மூன்று மாதம் கழித்து, வாய் நன்றாகத் திறந்திருக்கும்போதுகூட வலை காலியாக வரும். தோண்டி முடித்துப் படம் எடுத்துக்கொண்டு போன அதிகாரிக்கும், அடுத்த மாதம் காலி வலையைப் பார்க்கிற மீனவருக்கும் இடையே வருகிற சண்டையில் பாதி இந்த இடைவெளியால் வருவது.

சென்னை கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த பி. ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். ஏரி தூர்ந்துவருவதைப் பற்றியும் அதன் உயிரினங்கள் அருகுவதைப் பற்றியும் அவர் விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். பூநாரைகளைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு இருக்கிற ஆர்வத்தில் நூற்றில் ஒரு பங்கு சேற்றுப் புழுக்களின் மேல் இருந்திருந்தால் ஏரியின் கதி வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாடு

இப்படி வற்றத்தில் இறால் கூட்டம் கூட்டமாக வெளியேறுகிற வழியில் வலை கட்டினால் அள்ளலாம். எல்லோரும் கட்டினால் அடிதடிதான். இதற்குப் பழவேற்காட்டு மீனவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் வடக்குப் பாடு, முன்துறைப் பாடு, ஓடைப் பாடு என்று பிரிந்திருக்கின்றன. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களுக்கு (கடலோர மீனவர் சாதி) இங்கே பரம்பரை உரிமை. எந்த நாள் எந்த ஊருக்கு எந்த இடம் என்று முறை போகும். ஊருக்குள் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு சீட்டுக் குலுக்கி யார் எந்த முறை என்று முடிவாகும். கல்யாணம் ஆகி, ஊர் வரி கட்டுகிற ஆண்தான் தலைக்கட்டு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம்.

கட்டுவது சுத்துவலை. சாயங்காலமே கழிகளை ஏற்றிக்கொண்டு போய், ஓட்டத்துக்குக் குறுக்கே சேற்றில் வரிசையாக ஊன்றி, அதில் வலையைச் சுவர்போல் இழுத்துக் கட்டுவார்கள். வலையின் அடிக்கயிறு தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தால் அத்தனை இறாலும் அதன் வழியே போய்விடும். அதனால் ஒருவர் குனிந்து காலாலேயே கயிற்றை மிதித்து மிதித்துச் சேற்றில் புதைத்துக்கொண்டே போவார். வற்றம் இழுக்கத் தொடங்கியதும் கழிகள் நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தொட்டுப் பார்த்தே ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. விடியுமுன் வலையை உதறி அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தால், முன்பணம் கொடுத்து வைத்திருக்கிற வியாபாரி தராசோடு நிற்பார்.

பாடு முறை ஓதத்தின் ஏற்றத்தாழ்வை ஊருக்கு நடுவே சமமாகப் பங்கு போடுகிறது. ஒருவருக்கு அமாவாசை முறை விழுந்தால் அடுத்த சுற்றில் அஷ்டமி விழும். இதே போன்ற ஏற்பாடு எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பங்களிலும் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கழிவலை கட்டுகிற சங்கங்கள் முறை வைத்தே இடம் பிரிக்கின்றன. பழவேற்காட்டில் அரசு எழுதிய சட்டம் எதுவும் இல்லாமல் இத்தனை காலம் ஓடுகிற ஒரு ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் பாடு முறைக்கு ஒரு எல்லை இருக்கிறது. வருகிற இறாலை யார் பிடிப்பது என்று அது சொல்லும். இறால் வருவதற்கான வழியைப் பற்றி அதில் விதி இல்லை. வாய் அடைந்தால் முறை மட்டும் வந்துபோகும், வலையில் ஒன்றும் இருக்காது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு திரண்டுபோய்த் தோண்டிய காலங்கள் உண்டு. இன்று வருகிற மணல் மண்வெட்டிக்கு அடங்குகிற அளவு இல்லை. துறைமுகம் ஒரு இலாகா, ஆறு ஒரு இலாகா, சரணாலயம் ஒரு இலாகா, மீன்வளம் இன்னொன்று, ஏரியின் பெரும்பகுதி வேறு மாநிலத்தில். சீட்டுக் குலுக்குகிற பஞ்சாயத்தின் கை இவற்றில் எதற்கும் எட்டாது.

பாடு முறைக்கு வெளியே இருப்பவர்கள்

தலைக்கட்டு அல்லாதவர்கள், பட்டினவர் அல்லாதவர்கள் கணக்கு தனி. ஏரியைச் சுற்றி தலித் மீனவர்கள், இருளர்கள், முஸ்லிம்கள், வேறு சாதியார் என்று பலர் ஏரியை நம்பிப் பிழைக்கிறார்கள். 1980, 90களில் ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபோது இவர்களும் வலை கட்ட வந்தார்கள். உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று பாடு உரிமை உள்ள ஊர்கள் சொல்ல, ஏரி எல்லோருக்கும் பொது என்று மற்றவர்கள் சொல்ல, மோதல்கள் வெடித்து நிர்வாகம் நடுவில் உட்கார்ந்து பேச வேண்டிவந்தது. பாடு முறையைப் புகழ்ந்து எழுதுகிற பலரும் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குள் சமம், வெளியே இருப்பவர்களுக்குச் சாதி வாசல். இரண்டும் ஒரே ஏற்பாட்டில்தான் இருக்கின்றன.

இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஓதத்தோடு மனித உடம்பு எவ்வளவு நெருங்கிப் போக முடியும் என்று தெரியும். வலை இல்லை, படகு இல்லை. வற்றத்தில் தண்ணீர் இறங்கியதும் உள்ளே போய், உட்கார்ந்த நிலையில் நகர்ந்தபடி, இரண்டு கைகளையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே போவார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள், பறி கழுத்துக்குக் கீழே தொங்கும். விரலில் இறால் தட்டியதும் சேற்றோடு அமுக்கிப் பிடித்துப் பறியில் போட்டுவிட்டு மறுபடி கையைக் கீழே விடுவார்கள். மணிக்கணக்கில் இப்படி. கெளுத்தி முள் குத்தும், சிப்பி ஓடு கிழிக்கும், நண்டு கவ்வும். இவர்களுக்குத் தேவை ஆழமில்லாத, வடிந்து ஏறுகிற சேற்றுத்தரை. முகத்துவாரம் அடைந்தால் தண்ணீர் ஏறுவதும் இல்லை, வடிவதும் இல்லை, அசையாமல் கிடக்கும். கடலுக்குப் போகிறவர் வேறு துறையில் படகைக் கட்டிக்கொள்ளலாம். சென்னையில் கூலி வேலைக்கும் போகலாம். கையால் தடவுகிறவருக்கு வேறு ஏரி கிடையாது.

திறந்து வைக்கும் முயற்சிகள்

பொக்லைனும் தூர்வாரும் இயந்திரமும் கொண்டு அவ்வப்போது தோண்டுவது முதல் வழி. அள்ளிய மணலைப் பக்கத்திலேயே குவித்துவிட்டால் அடுத்த தெண்டி வெள்ளத்தில் அதே மணல் உள்ளே வந்து உட்காரும். இதை ஊரில் எல்லோரும் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, நிரந்தர வழி என்று பேசப்படுவது: வாயின் இரு பக்கமும் கடலுக்குள் நீளும் கல் சுவர்கள், நடுவே ஆழப்படுத்திய கால்வாய். சுமார் 27 கோடி ரூபாயில் தமிழக அரசு இந்தத் திட்டத்தை அறிவித்தது. ஏரியின் தமிழகப் பகுதி 1980இலிருந்து பறவைகள் சரணாலயம் என்பதால் வனவிலங்கு அனுமதி, கடலோர ஒழுங்குமுறை அனுமதி என்று கோப்பு பல மேசைகளுக்குப் போனது. மீனவர் கோரிக்கை வைத்து வேலை தொடங்குவதற்குள் பல கோடைகள் கடந்துவிட்டன.

சட்டம் இந்த ஏரிக்கு எப்போதும் எதிரி என்று சொல்லிவிடவும் முடியாது. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகள் பற்றிய வழக்கில் அளித்த தீர்ப்பில், சிலிக்கா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புத் தொழிற்சாலைகளோ குளங்களோ அமைக்கக் கூடாது என்றது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கரையோரம் முழுக்கக் குளம் வெட்டிக் கழிவை ஏரியில் திறந்துவிட்டிருப்பார்கள்.

கல் சுவரைப் பற்றி என் மதிப்பீடு இது. கடலுக்குப் போகிற படகுகளுக்கு அது நிச்சயம் உதவும், உயிரையும் காக்கும். அந்தக் காரணம் ஒன்றுக்காகவே கட்டலாம். ஆனால் சென்னைத் துறைமுகத்தில் நடந்ததுதான் சிறிய அளவில் இங்கும் நடக்கும்: தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். தெற்குச் சுவரின் மடியில் மணல் நிரம்பியதும் அது சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாய்க்குள் வரும். அதனால் சுவர் கட்டிய பிறகும் தூர்வார வேண்டும், அதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். சுவர் கட்டுகிற பணம் ஒரு தடவை கிடைத்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். பராமரிப்புப் பணத்துக்கு விழா கிடையாது, அதனால் அதை ஒதுக்குவதில் யாருக்கும் அவசரமும் கிடையாது. ஆரணியாற்றில் மழைக்காலத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு வெள்ளமாவது ஏரிவரை வர விடுவது, ஏரிக்குள்ளேயே நீரோடைகள் தூராமல் பார்த்துக்கொள்வது என்று மேலே கணக்குப் போட்டுப் பார்த்த அந்தத் தண்ணீரைக் காப்பாற்றுகிற வேலைகள் இல்லாமல் சுவர் மட்டும் தனியாக அதிக நாள் ஓடாது.

தூர்வாருவதில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வாரிய மண்ணை எங்கே கொட்டுவது? கொட்ட வசதியான இடம் என்று கண்ணில் படுவது ஏரி ஓரத்துச் சேற்றுத் திட்டுகள்தான். இருளர் பெண்கள் பறியோடு இறங்குகிற தரையும் அதுதான். முகத்துவாரம் பற்றிய கூட்டங்களுக்குக் குப்பத்துப் பஞ்சாயத்தார் போகிறார்கள், படகுச் சங்கத்தார் போகிறார்கள். சேற்றில் தொழில் செய்கிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தத் திட்டில் எந்த மாதம் இறால் தட்டுகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மண் கொட்டுகிற இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும்.